பொன்னியின் செல்வனுக்குப் பிறகு எதைப் படிப்பது: வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 3

"பொன்னியின் செல்வன் முடித்தாயிற்று, அடுத்து என்ன படிக்கலாம்?" 2022இலும் 2023இலும் படம் இரண்டு பாகங்களாக வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் பெருகிவிட்டது. பதிலாக உடனே ஒரு பட்டியல் வந்து விழும்: மோகமுள், விஷ்ணுபுரம், ஜே.ஜே: சில குறிப்புகள், காவல் கோட்டம். நான்கும் நல்ல நாவல்கள்தான். ஆனால் கேட்டவர் அதில் ஒன்றை வாங்கி, நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார். பிறகு "இலக்கியம் எனக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டிவிடுகிறார்.

குறை அவரிடம் இல்லை. கல்கி எழுதியது வாரத் தொடர். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை ஓடியது. ஒவ்வொரு அத்தியாயமும் சில பக்கங்கள்தான். கடைசிப் பத்தியில் ஓர் ஓலை கைமாறும், சுரங்கத்தில் காலடி கேட்கும், யாரோ யாரையோ அடையாளம் கண்டுகொள்வார்கள். ஐந்து பாகம் முழுக்க இப்படியே பழகிய மனம், அந்தக் கொக்கி இல்லாத நாவலைத் திறந்ததும் "கதை எப்போது ஆரம்பிக்கும்?" என்று காத்திருக்கிறது.

ஆகவே பட்டியலை நீட்டுவதற்கு முன் ஒரு எதிர்க்கேள்வி கேட்டாக வேண்டும்: எது உங்களை ஐந்து பாகமும் இழுத்துக்கொண்டு போனது? வந்தியத்தேவனின் ஓட்டமா, சோழர் வரலாறா, காவிரிக்கரையா, கடலா, நந்தினியா? பதிலுக்கு ஏற்ப அடுத்த நாவல் மாறும்.

ஜூன் 5

இன்னும் தொடங்காதவர்களுக்கு, பதிப்பு பற்றி. கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் தரம் ஏகத்துக்கு மாறுகிறது. கடையில் புரட்டும்போது அத்தியாய எண்ணிக்கையைப் பாருங்கள். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91, மொத்தம் 293. இதில் குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு. ஐந்தாம் பாகத்தின் இறுதியில் கல்கியின் முடிவுரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்பதை அவர் அங்கேதான் சொல்கிறார். அது விடுபட்ட பிரதியைப் படித்தவர்கள்தான் "திடீரென்று முடிந்துவிட்டது" என்று அதிகம் புலம்புகிறார்கள்.

ஐந்து பாகத்தையும் ஒரே தடித்த நூலாகக் கட்டிய பதிப்பு விலை குறைவு. ஆனால் எழுத்து பொடியாக இருக்கும், முதுகு சீக்கிரம் விட்டுப்போகும், படுத்துக்கொண்டு படிக்க முடியாது. தனித்தனிப் பாகங்களே மேல். வாங்கவே வேண்டாம் என்றால், தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பிரதி இலவசமாகக் கிடைக்கிறது.

ஜூன் 9

"வரலாறு பிடித்தது" என்பவர்களுக்கு. இந்தப் பதிலுக்குள் இரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்கள். ஒருவருக்கு வேண்டியது அரண்மனையும் மாறுவேடமும்; இன்னொருவருக்கு உண்மையில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.

முதலாமவருக்குக் கல்கியின் சிவகாமியின் சபதம், அடுத்து பார்த்திபன் கனவு. எழுதிய வரிசை இதற்கு நேர்மாறு. பார்த்திபன் கனவுதான் முந்தையது. ஆனால் கதை நடக்கும் காலப்படி அது பிந்தையது. சிவகாமியின் சபதத்தில் இளைஞன் நரசிம்மவர்மனைப் பார்த்துவிட்டுப் போனால், பார்த்திபன் கனவில் அவர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்பதற்குக் கனம் கூடும். சிவகாமியின் சபதம் நான்கு பாகம்; இரண்டாவதான காஞ்சி முற்றுகையில் சற்று இழுக்கும், மூன்றாவதில் மறுபடி பிடித்துக்கொள்ளும். சாண்டில்யனுக்குப் போக நினைப்பவர்கள் கடல் புறாவிலிருந்து தொடங்கலாம். போரும் கடல் வியூகமும் அங்கே விறுவிறுப்பு. பெண்களை வர்ணிக்கும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படித்தாலும் கதை ஒன்றும் குறையாது.

இரண்டாமவருக்கு நாவலே வேண்டாம். நீலகண்ட சாஸ்திரியின் சோழர்கள், சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறு. ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய பகுதியை முதலில் எடுங்கள். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்களையே சொல்கிறது. அவர்களுடைய உறவினர் சொத்து பறிமுதலானதையும் சொல்கிறது. அந்தக் கல்வெட்டு இருக்கும் காட்டுமன்னார்கோயில் வீராணம் ஏரிக்கு அருகில்தான் உள்ளது. ஆடிப் பதினெட்டன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அதே ஏரி.

ஜூன் 14

காவிரிக்கரை பிடித்தவர்களுக்கு தி. ஜானகிராமன். எல்லோரும் மோகமுள்ளையே நீட்டுகிறார்கள். அது பெரிய நாவல், சுதேசமித்திரனில் தொடராக வந்தது. ஆனால் கல்கி போட்ட கொக்கி அதில் கிடையாது. அம்மா வந்தாளில் தொடங்குவது நல்லது. மோகமுள்ளில் பாதியளவுகூட வராது. காவிரிக்கரை வேத பாடசாலையிலிருந்து அப்பு சென்னைக்கு வீடு திரும்புகிறான்; வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அவனுக்கு மட்டும் மெல்ல மெல்லத் தெரிகிறது. ஜானகிராமனின் உரையாடல் வேகத்துக்குக் காது பழகிவிடும். பிறகு மோகமுள்ளின் கும்பகோணத்துக்குள் போகலாம்.

மோகமுள்ளில் வாசகர்கள் நிற்கும் இடம், நாயகன் பாபு இசை ஆசான் ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்கும் பகுதி. கர்நாடக இசை தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் நாவலின் பாதி போயிற்று. யமுனா மேலுள்ள மோகமும் சுருதி மேலுள்ள மோகமும் ஒன்றையொன்று அரித்துக்கொண்டே போவதுதான் கதை. ராகப் பெயர் தெரிய வேண்டியதில்லை. ரங்கண்ணா எதைக் கேட்டுப் பூரிக்கிறார், எதைக் கேட்டு முகம் சுளிக்கிறார் என்று பார்த்தால் போதும்.

"பாபு ஏன் இப்படி ஊசலாடுகிறான்?" என்று ஒரு புகார் எப்போதும் வரும். ஊசலாடாத பாபுவை வைத்து அந்த நாவலை எழுத முடியாது.

ஜூன் 15

சின்னக் குறிப்பு: முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். செம்பதிப்பு, நினைவுப் பதிப்பு என்று வருபவற்றில் பெரும் விமர்சகர் ஒருவர் முன்னுரை எழுதியிருப்பார். வாசகர் ஏற்கெனவே படித்தவர் என்ற நினைப்பில் முடிவை இரண்டாம் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுவார். அம்மா வந்தாள் போன்ற நாவலுக்கு அது கொலை.

ஜூன் 21

கடலும் போரும் பிடித்தவர்களுக்கு ப. சிங்காரம். இரண்டே நாவல் எழுதியவர். கடலுக்கு அப்பால், 1959. புயலிலே ஒரு தோணி, 1972. இரண்டாவதன் புகழைக் கேட்டு நேராக அதற்குள் குதிப்பவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

காரணம் மூன்று. முதலாவது, இடம். ஜப்பானியப் படை நுழையும், சுமத்ராவின் மெடான் நகரில் நாவல் தொடங்குகிறது. டச்சுத் தெருப்பெயர்கள், மலாய்ச் சொற்கள், சீனப் பெயர்கள் வரிசையாக வரும். எதற்கும் விளக்கம் கிடையாது. இரண்டாவது, தொழில். செட்டியார்களின் வட்டிக்கடை அமைப்பு தெரியாமல் பாத்திரங்களின் ஏற்றத்தாழ்வு புரியாது. ஊரில் முதலாளி; அக்கரையில் கடையை நடத்த ஏஜெண்டு; அவருக்குக் கீழே அடுத்தாள்; கடைசிப் படியில், பணப்பெட்டி அருகே வேலை பார்க்கும் பெட்டியடிப் பையன். மூன்றாவது, மொழி. நாயகன் பாண்டியனின் மனம் மெடானிலிருந்து சட்டென்று மதுரைக்கும் சின்னமங்கலத்துக்கும் தாவும், வரி இடைவெளிகூட விடாமல். நடுவே பழந்தமிழ்ப் பெருமிதத்தைக் கிண்டலடிக்கும் நீண்ட பேச்சு வேறு.

கடலுக்கு அப்பால் இந்த மூன்றில் இரண்டைத் தீர்த்துவைக்கும். பினாங்கு வட்டிக்கடை, அடுத்தாள் செல்லையா, முதலாளி மகள் மரகதம், போர் முடிந்த காலம். நேர்கோட்டுக் கதை, அளவும் சிறியது. அதைப் படித்துவிட்டுப் போனால் பெட்டியடியும் கிட்டங்கியும் (வட்டிக்கடைகள் இயங்கும் கூடம்) பழகிய சொற்களாகியிருக்கும். இரண்டையும் ஒரே தொகுதியாகப் போட்ட பதிப்புகளும் உண்டு. அதில் எது முன்னால் அச்சாகியிருந்தாலும் கடலுக்கு அப்பாலை முதலில் எடுங்கள்.

பிறகு பெரிய நாவலை வாசிக்கும் முறை: முதல் சில அத்தியாயங்களில் புரியாத மலாய்ச் சொல்லுக்கு அகராதி தேடாதீர்கள். சந்தையில் கேட்கும் இரைச்சலாக விட்டுவிடுங்கள். சிங்காரமே அப்படித்தான் எழுதியிருக்கிறார். கடைசி அட்டையின் உள்பக்கத்தில் மெடான், பினாங்கு, மதுரை, சின்னமங்கலம் என்று நான்கு பெயரை எழுதிவைத்துக்கொண்டு, பாண்டியன் இப்போது எங்கே இருக்கிறான், நினைப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். தொங்கான் என்னும் பாய்மரச் சரக்குக் கப்பலில் கடல் கடக்கும்போது புயல் வரும் பகுதி வந்ததும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் படியுங்கள். வாக்கியங்கள் ஒடிந்து ஒடிந்து, சொற்களே அலைபோல் மோதும். சுழற்காற்று பாகத்தில் கல்கி எழுதிய கடற்புயலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே நிகழ்ச்சியை இருவர் எப்படி எழுதுகிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். கல்கியிடம் புயலைப் பார்க்கிறோம், சிங்காரத்திடம் நனைகிறோம்.

ஜூன் 27

வரலாற்று நாவல் என்றால் இளவரசன் இருந்தே ஆக வேண்டுமா? அசோகமித்திரனின் 18வது அட்சக்கோட்டில் நடப்பதும் ஒரு அரசின் வீழ்ச்சிதான்: ஹைதராபாத் நிஜாமின் கடைசி மாதங்கள், அவர் பக்கம் நின்ற ஆயுதக் குழுவான ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்தது. பார்ப்பவன் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன். அவனுக்கு எதுவும் முழுதாகத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நாவலின் முறை.

இங்கே நேரும் தவறு வேகம். மொழி அத்தனை எளிமை என்பதால் ஒரே நாளில் ஐம்பது அறுபது பக்கம் ஓடிவிடும். "ஒன்றும் நடக்கவில்லையே" என்று தோன்றும். ஒரு அமர்வுக்கு இரண்டு அத்தியாயம் போதும். "நான்" என்று வருவதும் "சந்திரசேகரன்" என்று வருவதும் மாறி மாறி நிகழும். அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். எந்த இடத்தில் மாறுகிறது என்று பென்சிலால் கோடிட்டுப் போங்கள். கடைசி அத்தியாயத்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம்.

ஜூலை 2

"வட்டார வழக்கு புரியவில்லை" என்பது அடிக்கடி வரும் புகார். புரியாமல் போவது பெரும்பாலும் கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை. முதல் பத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் எண்பது சொல்லில் எழுபது தானே பிடிபடும். கரிசல் நாவல்கள் தொடர்ந்து படிப்பவர்கள் கி. ராஜநாராயணன் தொகுத்த சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எதில் தொடங்குவது? பூமணியின் வெக்கை. பொன்னியின் செல்வன் வாசகருக்கு இதைவிடப் பொருத்தமான வட்டார நாவல் இல்லை என்றே சொல்வேன். தொடக்கத்திலேயே கொலை விழுந்துவிடுகிறது, வெட்டியவன் சிறுவன். பிறகு அப்பனும் மகனும் தலைமறைவு, எட்டு நாள். ஓட்டம் என்றால் இது ஓட்டம். இதை வைத்து எடுத்த அசுரன் படம் பார்த்தவர்கள் "கதை தெரியுமே" என்று ஒதுக்க வேண்டாம். நாவலில் முன்கதை அப்படி விரியாது. காடு, கிழங்கு, கிணற்றுத் தண்ணீர், மறைவிடம் என்று அன்றைய பொழுதை ஓட்டுவதுதான் பெரும்பகுதி. படத்தில் இல்லாத நிதானம் அதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம். அதில் ஒற்றைக் கதாநாயகனைத் தேடாதீர்கள், ஊர்தான் பாத்திரம்.

ஜூலை 6

ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகு: ஆமந்துறை என்னும் கடற்கரை ஊரின் பரதவர் (மீனவர்), மூன்று தலைமுறை. வாசகர் குழம்புவது கடல்மொழியால் மட்டும் அல்ல, காலத்தாலும்தான். ஆண்டுகள் முன்னும் பின்னும் போகும். ஓர் அத்தியாயத்தில் கிழவராக இருப்பவர் அடுத்ததில் இளைஞர். ஒரு முழுத்தாள் எடுத்து, குடும்பத்துக்கு ஒரு கட்டம் போட்டு, பெயர் வரும்போதெல்லாம் அத்தியாயத்தின் ஆண்டையும் அதில் குறியுங்கள். ஐந்தாறு அத்தியாயத்துக்குப் பிறகு தாள் தேவைப்படாது. கடலில் மாட்டிக்கொண்டவர்களின் கதை நடுநடுவே திரும்பி வரும். அதைத் தனி நிறத்தில் குறித்துவைத்தால் நாவலின் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

காவல் கோட்டத்துக்கும் இதே தாள் முறைதான். அது ஆயிரம் பக்கத்துக்கு மேல், தாள் இரண்டாகும்.

ஜூலை 11

விஷ்ணுபுரம் எப்போது? அவசரமே இல்லை. மேலே சொன்னவற்றில் மூன்று நான்கு முடித்த பிறகு.

ஜெயமோகனின் இந்த நாவல் மூன்று பகுதி: ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி. கால வரிசை நேராக இல்லை. இரண்டாம் பகுதி முதல் பகுதிக்கு மிகவும் முந்தையது. மூன்றாவது எல்லாவற்றுக்கும் பிந்தையது. ஆகவே முதல் பகுதியில் புராணமாகவும் வழிபாடாகவும் வருபவர்கள் இரண்டாம் பகுதியில் ரத்தமும் சதையுமான மனிதர்களாக வருவார்கள். இது தெரியாமல் படிப்பவர்கள் கௌஸ்துபம் தொடங்கியதும் "முதல் பகுதி ஆட்கள் எங்கே?" என்று தேடிச் சலித்துவிடுகிறார்கள். இதை முன்கூட்டியே சொல்வதால் கதைச்சுவை கெடாது.

நிற்கும் இடங்கள் இரண்டு. ஸ்ரீபாதத்தின் தொடக்கம்: கோபுரங்களும் விழாக் கூட்டமும் எண்ணற்ற பெயர்களும். இங்கே எதையும் நினைவில் வைக்க முயல வேண்டாம். அடுத்தது கௌஸ்துபத்தின் தத்துவ விவாதம், பவதத்தரும் அஜிதனும் மோதும் பகுதி. இதற்குச் சாங்கியம், நியாயம், வேதாந்தம், பௌத்தம் என்றால் தோராயமாக என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தியத் தத்துவத்தின் ஆறு தரிசனங்கள் பற்றி ஒரு சிறு அறிமுக நூல் போதும். அதுவும் முடியாதவர்கள் விவாதத்தில் யார் வெல்கிறார் என்பதை விட்டுவிட்டு, வென்றவருக்குள் என்ன உடைகிறது என்று பார்க்கலாம்.

ஜூலை 13

நந்தினிக்காகவே பொன்னியின் செல்வனைப் படித்தேன் என்பவர்களுக்கு வரலாற்று நாவலைத் தேடித் தருவது வீண் வேலை. அவர்களைப் பிடித்தது காயப்பட்ட, புத்திசாலியான, மன்னிக்காத ஒரு பெண். ஜெயகாந்தனின் கங்கா அதற்கு நெருக்கம். வரிசை முக்கியம்: அக்கினிப் பிரவேசம் சிறுகதை முதலில், அதில் தாய் மகள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால்? அதுதான் சில நேரங்களில் சில மனிதர்கள், 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சிறுகதையைப் படிக்காமல் நாவலுக்குப் போனால் கதைக்குள்ளேயே அந்தக் கதை பேசப்படும் இடத்தில் பாதி சுவை போய்விடும். தொடர்ச்சியான கங்கை எங்கே போகிறாளை உடனே எடுக்க வேண்டாம். ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். முதல் நாவல் முடியும் இடத்தை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் மட்டும் அதைத் தொட்டால் போதும்.