லெந்து (தவக்கால) நாட்குறிப்பு

மார்ச் 10, 2025, திங்கள்
சாப்ளின், அதாவது ஆஸ்பத்திரி போதகர் ட்ரெய்னிங் முடியணும்னா 'என் ஊழியத் தத்துவம்'னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுக்கணுமாம். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கடைசி. ரெண்டு பக்கம்தானே, ஒரு நைட்டு போதும்.

மார்ச் 12, புதன்
14ஆம் பெட் பாட்டி, ஆரணி. சுகர், கால்ல ஆறாத புண்ணு. கொஞ்ச நேரம் பேசிட்டு வழக்கம்போல "ஜெபம் பண்ணட்டுமா பாட்டி"ன்னேன். "இப்ப வேணாம்பா, பண்ணா கெளம்பிடுவ"ன்னாங்க. சிரிச்சுட்டேன். ரூமுக்கு வந்தப்புறம்தான் சுருக்குன்னுச்சு. இத்தன பெட்ல ஒண்ணுலயாவது ஆமென் சொன்னப்புறம் ஒரு நிமிஷம் உக்காந்திருக்கேனா? ஆமென், தோள்ல ஒரு தட்டு, ஸ்டூல கட்டிலுக்கு அடில தள்ளிட்டு அடுத்த பெட். அப்பாவும் போதகர்தான், சபைக்காரங்க வீடு சந்திக்கப் போனாலும் இதே கதைதான், "ஜெபிப்போம்"னா ஐயர் (போதகர்) கெளம்புறாங்கன்னு டீ டம்ளர எல்லாரும் கீழ வெச்சுடுவாங்க.

மார்ச் 15, சனி
தூக்கம் இல்ல.

மார்ச் 19, புதன்
வெர்பேட்டிம் கிளாஸ். பேசினத அப்படியே ஞாபகத்துலருந்து எழுதிட்டுப் போகணும். என்னோடதுல 'நோயாளி அழுகிறார்', அதுக்கு அடுத்த வரியே 'நான்: கர்த்தர் உங்களைக் கைவிடமாட்டார்'. மேடம் அத செவப்பு பேனாவுல சுழிச்சு "பயம் யாருக்கு?"ன்னு எழுதியிருக்காங்க. அவ்ளோதான், வேற கமெண்ட்டே இல்ல. இந்த ட்ரெய்னிங்க ஆரம்பிச்ச ஆன்டன் பாய்சன் 1920ல மனநல ஆஸ்பத்திரில நோயாளியா இருந்தவரு. 1925ல அமெரிக்காவுல வொர்செஸ்டர்ல இன்னொரு மனநல ஆஸ்பத்திரிக்கு சாப்ளினா இருக்கறப்ப செமினரில போதகராகப் படிக்கிற பசங்க நாலு பேர வார்டுக்குள்ள கூட்டிட்டுப் போனாரு. படுத்திருக்கிறவங்கள 'உயிருள்ள ஆவணம்'னு சொன்னது அவருதான். படுத்துப் பாத்தவருக்குத் தெரியும். எனக்கு அப்பெண்டிக்ஸ் கூட வந்ததில்ல.

மார்ச் 28, வெள்ளி
பைபிள்ல யோபு 2:13, எல்லாத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதருங்க பேசாம ஏழு நாள் தரையில உக்காந்தது. மூணு தடவ பிரசங்கம் பண்ணியிருக்கேன். இன்னைக்கு 14ல பேசாம உக்காந்து வாட்ச் பாத்தேன், ஏழு நிமிஷம்.

ஏப்ரல் 3, வியாழன்
கால எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. "நாப்பது வருஷம் தறி மிதிச்ச காலுப்பா"ன்னாங்க, அழல. மருமக பேப்பர்ல மடிச்சு விபூதி குடுத்துட்டுப் போயிருக்கா, பாட்டிக்கு வலது கையில ட்ரிப், இடது கை வீங்கிக் கெடக்கு. "நீயே வெச்சு விடு தம்பி"ன்னாங்க. ஒத்த விரலால தொட்டேன். "மூணு விரலால இழு." இழுத்தேன், கொஞ்சம் கண்ணுல கூட விழுந்துடுச்சு, ஊதி விட்டேன். லெந்து ஆரம்பிக்கிற நாளுக்கு எங்க சபைல சாம்பல் புதன்னு பேரு மட்டும்தான், சாம்பல் பூச மாட்டாங்க. நான் மொதமொதல்ல ஒருத்தர் நெத்தில சாம்பல் பூசினது இதுதான். தப்பா? டூட்டி ரூம்ல கை கழுவப் போய் குழாயத் தெறக்காம கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன்.

ஏப்ரல் 4, வெள்ளி
அப்பா போன். சாப்டியான்னு கேட்டாங்க, ஊழியம் எப்படின்னு கேட்டாங்க. விபூதி விஷயம் சொல்லல.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
எழுத ஆரம்பிச்சேன். 'நான் தேவனுடைய பிரசன்னத்தை நோயாளியிடம் கொண்டுபோகிறேன்.' அடிச்சுட்டேன். கொண்டுபோக நான் என்ன கூரியரா, நான் போறதுக்கு முன்னாடி அந்த வார்டுல அவர் இல்லாமயா இருந்தாரு. அடுத்து 'கூட இருப்பதே ஊழியம்'னு எழுதினேன், அதுவும் போஸ்டர் மாதிரி இருக்கு. ஏழு நிமிஷத்துக்கு வாட்ச் பாக்கிறவன் எழுதற வரியா அது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
மும்மணி ஆராதனை. இயேசு சிலுவைல சொன்ன ஏழு வார்த்தைல நாலாவது வார்த்தைய பேச எனக்குக் குடுத்திருந்தாங்க, 'என்னை ஏன் கைவிட்டீர்'. கூடவே சங்கீதம் 88 வாசிச்சேன், கடைசி வரைக்கும் வெளிச்சமே வராத சங்கீதம். வாசிச்சு அப்படியே நிறுத்திட்டேன். வெளிய வந்ததும் ஒரு அண்ணன் "தம்பி, ஒரு ஆறுதலோட முடிச்சிருக்கலாமே"ன்னாரு. சரிண்ணேன்னு தலையாட்டிட்டேன், ஆனா எரிச்சல். ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுக்க முடியாதா?

ஏப்ரல் 19, சனி
சுகர் இறங்கல, ஆபரேஷன் செவ்வாய்க்குத் தள்ளிப் போச்சு. "அன்னைக்கு உள்ள கூட்டிட்டுப் போறப்ப பண்ணுப்பா உன் ஜெபத்த, அப்ப கெளம்புறது நான்தானே"ன்னு பாட்டி சிரிக்கறாங்க. பேப்பர் இன்னும் காலி. நாலரைக்கு ஈஸ்டர் ஆராதனை, அலாரம் வெக்கணும்.