ஊட்டி வீட்டு பெட்ரூமுக்கு ஹீட்டர் வேணுமா வேணாமா

லவ்டேல் பக்கம் நாங்க கட்டிட்டு இருக்கிற வீட்டுக்கு ரூஃப் கான்க்ரீட் போட்டாச்சு, அடுத்து சுவத்துல பைப் வெட்டி வயரிங் பண்ணணும், எலக்ட்ரீசியன் வந்து கேட்டது ஒரே கேள்விதான், "சார் பெட்ரூம்ல ஹீட்டர் பாயின்ட் எங்க வேணும், எத்தனை வேணும்?". கேக்க சின்ன கேள்விதான், ஆனா வீட்ல அதை வச்சு பெரிய பட்டிமன்றமே நடந்துச்சு. அப்பா "குளிருக்காகத்தானே ஊட்டிக்கு வர்றோம், வந்துட்டு அதை காசு குடுத்து விரட்டணுமா"ன்னாரு. என் வீட்டம்மா மூணு பெட்ரூமுக்கும் வேணும்ங்கிறா. இன்ஜினியர் ஹாலுக்கு ஒரு ஃபயர்பிளேஸ் வச்சுட்டா வீடே சூடாயிடும்னு சொல்றாரு.

ஃபயர்பிளேஸை முதல்ல முடிச்சுடறேன். பழைய பங்களால எல்லாம் பாக்க ரொம்ப அழகா இருக்கும், ஆனா திறந்த ஃபயர்பிளேஸ்ல எரியிற விறகோட சூட்டுல பெரும்பகுதி சிம்னி வழியா வானத்துக்குத்தான் போகுது. போறப்ப ரூம்ல இருக்கிற காத்தையும் சேர்த்து இழுத்துட்டு போகும், அந்த இடத்துக்கு கதவு இடுக்கு ஜன்னல் இடுக்கு வழியா வெளில இருக்கிற ஐஸ் காத்து உள்ள வரும். ஆக எதிர்ல உக்காந்திருக்கிறவனுக்கு முகம் சுடும், பின்னாடி பெட்ரூம் முன்னைவிட ஜில்லுன்னு ஆயிடும். சீகை விறகும் கற்பூர மர விறகும் இப்ப சும்மாவும் கிடைக்கிறதில்ல. ஹால்ல உக்காந்து கதை பேசணும்னா வைங்க, பெட்ரூமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சு கதவை சாத்திட்டு படுக்கிறது பத்தி தனியா சொல்லணுமான்னு தெரியல, ஆனா ஊட்டிலயும் கொடைக்கானல்லயும் அப்படி படுத்து செத்தவங்க செய்தி திரும்ப திரும்ப வருது, அதனால சொல்லிடறேன். கரி சரியா எரியாதப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, தூக்கத்துலயே ஆள் போயிடுவான். வெளிய பார்பிக்யூ போட்டுட்டு மிச்சம் இருக்கிற கங்கை குளிருக்கு உள்ள தூக்கிட்டு போறதும் அதே கதைதான். சிலபேர் கரன்ட் ஹீட்டரும் ஆக்ஸிஜனை தின்னுடும்னு பயப்படுறாங்க, அது அப்படி இல்ல, அங்க எதுவும் எரியல, காத்து கொஞ்சம் வறண்ட மாதிரி ஆகும், தொண்டை காயும், அவ்ளோதான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஜனவரில ஊட்டில ராத்திரி 5, 6 டிகிரி சாதாரணம், பள்ளத்துல இருக்கிற தலைகுந்தா மாதிரி இடத்துல புல்லு மேல உறைபனியே படியும், குளிர்ந்த காத்து கனமா இருக்கிறதால இறங்கி பள்ளத்துலதான் தேங்கும். எங்க இடம் சரிவுல இருக்கு, அந்த விதத்துல தப்பிச்சோம். 12க்கு 12 பெட்ரூம், பத்தடி உயரம், ரெண்டு சுவர் வெளிப்பக்கம், 9 இன்ச் செங்கல், மேல மொட்டை கான்க்ரீட், ஒத்தை கண்ணாடி ஜன்னல். இந்த ரூமை வெளில 6 இருக்கிறப்ப உள்ள 18 டிகிரில வச்சிருக்க நான் போட்ட கணக்குல சுமார் 1300 வாட் போகுது. அதுல கூரை வழியா மட்டும் 500 வாட் கிட்ட, சுவர் வழியா அதே அளவு, மிச்சம்தான் ஜன்னலும் இடுக்கு காத்தும்.

எல்லாரும் ஜன்னலுக்குத்தான் கனமான ஸ்க்ரீன் வாங்குறோம், போடட்டும், தப்பில்ல, ஆனா பெரிய ஓட்டை தலைக்கு மேல இருக்கு. அதுவும் பனி விழுறது மேகமே இல்லாத ராத்திரிலதானே, அன்னிக்கு கூரை தன்னோட சூட்டை நேரா வானத்துக்கு கதிரா விட்டுட்டே இருக்கும், சுத்தி இருக்கிற காத்தைவிட கூரையோட மேல்பக்கம் ஜில்லுன்னு போயிடும், அதனால நிஜத்துல என் கணக்கைவிட மோசமாத்தான் இருக்கும். ஸ்வெட்டர், சாக்ஸ், ஷூ எல்லாம் போட்டுட்டு குல்லா போடாம நிக்கிற ஆள்தான் நம்ம ஊர் கான்க்ரீட் வீடு.

பில்லு எவ்ளோ வரும்? ராத்திரி முழுக்க வெளில 6 டிகிரியே இருக்காது, சராசரியா பாத்தா ஒரு ரூமுக்கு எட்டு மணி நேரத்துக்கு 8 யூனிட் பக்கம். மூணு ரூம்னா 24, ரெண்டு மாச பில்லுக்கு 1400 யூனிட் சொச்சம் ஹீட்டருக்கு மட்டுமே. வீட்டோட மத்த செலவு, கீசர் எல்லாம் ஒரு 400 யூனிட் சேத்தா 1800. நம்ம ஊர் பில்லுல 500 யூனிட் தாண்டினாலே கம்மி ரேட் சலுகை போயிடும், 1000க்கு மேல 2024ல ஏத்தின ரேட்ல யூனிட்டுக்கு 11 ரூபா 80 பைசா. கூட்டி பாத்தா 16,000 ரூபாயை தாண்டுது. இதை சொன்னதும் மூணு ரூமுக்கும் கேட்ட எங்க வீட்டம்மாவே கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

இப்ப அதே ரூம்ல கூரை மேல 50 எம்எம் எக்ஸ்பிஎஸ் ஷீட் (சூட்டை தடுக்கிற கெட்டியான ஃபோம் பலகை) போட்டு அதுக்கு மேல தளம் போட்டு ஓடு பதிச்சு, ஜன்னலுக்கு ரெட்டை கண்ணாடி போட்டா 1300 வாட் 800 கிட்ட வந்துடுது. தூங்குற ரெண்டு பேர் உடம்புலருந்தே சேர்த்து 150 வாட் வரும், அதையும் கழிச்சா 650. அதாவது ஹீட்டரே வாங்காம பாதி வேலை முடிஞ்சிடுது. ஹீட்டரே போடலைன்னாலும் பகல்ல தெக்கு ஜன்னல் வழியா வர்ற வெயிலை சுவரும் தரையும் புடிச்சு வச்சுக்கும் (குளிர்காலத்துல சூரியன் தெக்கால சாஞ்சு போறதால வெயில் உள்ள வரைக்கும் வரும்), விடிகாலைல 14, 15 டிகிரில நிக்கும்னு கணக்கு போட்டிருக்கேன். ரெண்டு கம்பளி போத்திட்டு தூங்குறதுக்கு அது ஒண்ணும் கொடுமை இல்ல.

இங்க பழைய ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கு. நீலகிரி படகர்களோட ஹட்டில, அதாவது அவங்க கிராமத்துல, வீடுங்க வரிசையா சுவரோட சுவர் ஒட்டி இருக்கும், ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டு சூடு, குளிர் தொடறது முன்னாடியும் பின்னாடியும் மட்டும்தான். இங்கத்த பழங்குடி தோடர் வீட்டுல குனிஞ்சு தவழ்ந்து போற மாதிரி குட்டி வாசல், குளிர் காத்து உள்ள வர்ற வழியே சின்னது. நாமதான் சமவெளி பிளானை அப்படியே தூக்கிட்டு வந்து நாலு பக்கமும் இடம் விட்டு, பெரிய ஜன்னல் வச்சு, அப்புறம் குளிருதுன்னு அழறோம்.

அதனால எங்க ரூமுக்கு நான் எடுத்த முடிவு, ரூமை சூடாக்க வேணாம், கட்டிலை சூடாக்கினா போதும். எலக்ட்ரிக் பிளாங்கெட் 100 வாட் பக்கம்தான், படுக்கறதுக்கு அரைமணி முன்னாடி போட்டுட்டு படுத்ததும் அணைச்சுடலாம், ராத்திரி பூரா ஓடினாலே ஒரு யூனிட் தொடாது. இன்னொண்ணு, ஜூன் ஜூலைல மழையும் காத்துமா மரம் சாஞ்சு லைன் மேல விழுந்து கரன்ட் போறது இங்க சகஜம், குளிர் எலும்பு வரைக்கும் போறதும் அந்த ஈரத்துலதான், அந்த நேரத்துல 2000 வாட் ஹீட்டரை வீட்டு இன்வெர்ட்டர் இழுக்காது, பிளாங்கெட்டை இழுக்கும்.

ஆனா அப்பா அம்மா ரூமுக்கு இந்த முடிவு செல்லாது. அப்பாவுக்கு சுகர், பாதத்துல உணர்ச்சி கம்மி, அவருக்கு எலக்ட்ரிக் பிளாங்கெட்டோ ஹாட் வாட்டர் பேகோ குடுத்தா சுடறதே தெரியாம கொப்புளம் வந்து நிக்கும், சுகர்காரங்களுக்கு கால்ல புண்ணு வந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அதோட ராத்திரி ரெண்டு மூணு தடவை பாத்ரூம் போக எழுந்திரிக்கணும், கம்பளிக்குள்ள இருந்து ஜில்லுன்னு இருக்கிற ரூமுக்கு வர்றப்ப ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2018ல வீடு பத்தி வெளியிட்ட வழிகாட்டில குளிர் காலத்துல வீட்டுக்குள்ள 18 டிகிரியை பாதுகாப்பான அளவா சொல்லி, வயசானவங்களுக்கு அதுக்கு மேலயே தேவைப்படலாம்னு போட்டிருக்கு. ஆக அந்த ஒரு ரூமுக்கு சூடு வேணும்.

அதுக்கு ஆயில் ரேடியேட்டரா ஹாட் அண்ட் கோல்ட் ஏசியான்னு பாத்தேன். ஆயில் ரேடியேட்டர் சத்தம் போடாது, விலை கம்மி, ஆனா ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான். ஹாட் அண்ட் கோல்ட் ஏசி வெளில இருக்கிற காத்துலருந்தே சூட்டை இழுத்து உள்ள தள்ளுது, ஒண்ணுக்கு மூணு மடங்கு பக்கம் தரும், ஊட்டி குளிர் அதுக்கு ஒரு குளிரே இல்ல. மழைக்காலத்துல ஈரத்தையும் எடுத்துடும், பீரோல துணி பூஞ்சை பிடிக்காது. ஏசியேதான்னு முடிவு பண்ணிட்டேன். ஊட்டில ஏசியான்னு தெருவே சிரிக்கும்னு அப்பா சொல்றாரு, சிரிக்கட்டும், அந்த ரூம்ல தூங்கப் போறது தெரு இல்ல.

எலக்ட்ரீசியன்கிட்ட மூணு ரூமுக்கும் 4 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்து 16 ஆம்ப் பாயின்ட் வைக்க சொல்லிட்டேன், ஹீட்டர் வாங்கறமோ இல்லையோ, அப்புறம் சுவத்தை ஒடைக்க முடியாது. 2000 வாட் ஹீட்டரே 9 ஆம்ப் பக்கம் இழுக்கும், அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி பிளக் உருகினதை நிறைய வீட்ல பாத்தாச்சு. மூணாவது ரூம் சொந்தக்காரங்களுக்கு, அவங்க எப்படியும் மே மாசம்தான் வருவாங்க, அப்ப ரெண்டு கம்பளி குடுத்தாலே ஒண்ணை திருப்பி குடுத்துடுவாங்க. ரூஃப் ஷீட்டுக்கு மட்டும் ரெண்டு பேர்கிட்ட கொட்டேஷன் கேட்டிருக்கேன், வந்ததும் சதுர அடிக்கு எவ்ளோ ஆச்சுன்னு போடறேன்.