ஏர் ஸ்க்ரூ திருப்பினால் மைலேஜ் வருமா?

"மைலேஜே தரல, ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பி விடுங்கண்ணே." கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறையில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது வண்டிகள் அநேகமாக இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டாலும், பழைய 100, 125 சிசி வண்டிகள் சென்னையில் இன்னும் ஏராளம். அவற்றின் மைலேஜ் ஸ்க்ரூவில் தொலைவது அபூர்வம்.

முதலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சுற்று கூட முழுசாகப் போகாமல் நின்றால் பிரேக் பிடிக்கிறது. டயர் காற்று, செயின் தொய்வு (பல வண்டிகளுக்கு 20-30 மி.மீ.), டேப்பெட் (வால்வு இடைவெளி), ஏர் ஃபில்டர் இதெல்லாம் சரியாகாமல் கார்புரேட்டரைத் தொடுவது வெட்டி வேலை.

கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூ ஆட்சி செய்வது ஐடிலிங்கையும் ஆக்சிலேட்டர் திறப்பின் முதல் கால் பங்கையும்தான். நடுப்பகுதி, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசியின் கையில். முக்கால் திறப்புக்கு மேல்தான் மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் பெரிய துளை). தி.நகரிலும் பாரிமுனையிலும் ஓடும் வண்டி அந்த முக்காலைத் தொடுவதே இல்லை. ஆகவே மைலேஜுக்காகச் சின்ன மெயின் ஜெட் போடுவதில் நகரத்துக்குள் பைசா மிச்சமில்லை. ஹைவேயில் இழுக்கும்போது இன்ஜின் சூடேறுவதுதான் மிச்சம்.

ட்யூனிங் செய்ய இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கு; இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலுக்கு. திருப்பும் திசை தலைகீழாகும் என்பதால் இதை முதலில் பார்த்துவிட வேண்டும். மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி (இறுக்கினால் முனை கெட்டுவிடும்), ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐடிலிங் எங்கே உச்சத்துக்கு ஏறுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பிறகு ஐடில் ஸ்க்ரூவில் 1,400 ஆர்பிஎம் அளவுக்கு இறக்கலாம். எவ்வளவு திருப்பியும் மாற்றமே இல்லையென்றால் பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஜெட்) அடைத்திருக்கிறது. அதைக் கம்பியால் குத்தக் கூடாது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை அது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், குத்திய ஜெட்டில் விளிம்பு கோணலாகத் தெரியும். அப்படிப்பட்ட ஜெட்டை வைத்துக்கொண்டு என்ன செட்டிங் செய்தாலும் நிற்காது. ஊசி ஏறி இறங்கும் குழாய் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டாலும் இதே கதைதான்: நடுத் திறப்பில் பெட்ரோல் கொட்டும், எந்த ஸ்க்ரூவும் அதைப் பிடிக்காது.

இப்போது பங்கில் வருவது இ20. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் சேர்ந்ததற்குச் சுமார் 13.5 போதும். அதாவது பழைய ஜெட்டோடு ஓடும் வண்டி ஏற்கெனவே லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு). அதன் மேல் இன்னும் லீன் செய்தால் ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் படபட சத்தம், வெளுத்துப்போன பிளக், செத்த பிக்கப். பிக்கப் இல்லாதபோது கை தானாக இன்னும் முறுக்கும். மிச்சம் பிடித்த பெட்ரோல் அப்படியே போய்விடும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்க வேண்டும். ஊசி உயர்ந்து கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். இ20-யில் லிட்டருக்கு ஆற்றலே 6-7 சதவீதம் குறைவு. அந்த இழப்பை எந்த மெக்கானிக்காலும் மீட்க முடியாது. மழைக்காலத்தில் கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தின் டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து தண்ணீர் இறங்கியிருக்கிறதா பார்ப்பதும் நல்லது.

செயின் ஓடும் பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) பல் மாற்றுவது வேறு கணக்கு. முன்னால் 14 பல், பின்னால் 42 என்றால் விகிதம் 3. முன்னால் 15 போட்டால் 2.8, அதே வேகத்துக்கு இன்ஜின் சுமார் 7 சதவீதம் குறைவாகச் சுற்றும். உராய்வு குறையும், த்ராட்டில் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருப்பதால் காற்றை உறிஞ்சும் சிரமமும் குறையும். பலன் கிடைப்பது ஓஎம்ஆரிலோ ஈசிஆரிலோ 50-60 வேகத்தில் சீராகப் போகிறவர்களுக்கு. சென்னை தட்டையான ஊர், மேம்பாலம்தான் ஏற்றம், அதனால் தாங்கும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று, பின்னால் ஆள் ஏற்றிக் கிளம்புகிறவருக்கு இது வேண்டாம். கிளட்ச் தேயும், 35-இல் டாப் கியர் போட்டால் இன்ஜின் முக்கும், பழையபடி மூன்றாவதிலேயே ஓட்ட நேரும்.

ஒரு பல் கூடினால் பின்சக்கரம் 3 மி.மீ. சொச்சம் முன்னால் வர வேண்டும். புதுச் செயினில் அட்ஜஸ்டர் ஏற்கெனவே முன்னால் முட்டியிருந்தால் இடம் இருக்காது. முன்மூடிக்குள் செயின் உரசுகிறதா என்பதையும் கையால் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். பின்னால் 39 போட்டாலும் ஏறக்குறைய அதே விகிதம்தான், மூடித் தொல்லை இல்லை. தேய்ந்த செயினில் புதுப் பல் போடாதீர்கள். சீக்கிரமே பல்லைத் தின்றுவிடும்.

மைலேஜை அளப்பது ரிசர்வ் விழுந்ததிலிருந்து ரிசர்வ் விழும்வரை, நடுவில் இரண்டு லிட்டர். முன்சக்கரத்திலிருந்து மீட்டர் கேபிள் போகும் வண்டியில் சிக்கலில்லை. கியர்பாக்ஸிலிருந்து அளவெடுக்கும் மீட்டராக இருந்தால், முன்னால் 15 போட்ட பிறகு 107 கிலோமீட்டர் ஓடினாலும் 100 என்றுதான் காட்டும். பல் மாற்றியும் மைலேஜ் ஏறவில்லை என்று திரும்பி வருகிற சிலரிடம் நாங்கள் முதலில் கேட்பது, மீட்டர் எங்கிருந்து ஓடுகிறது என்பதைத்தான்.