கஸ்டடி கிடைத்தபின் குழந்தையோடு சென்னையிலிருந்து பெங்களூருக்கு

கணவன் மனைவி பிரிந்தபின் குழந்தையின் கஸ்டடி (வளர்க்கும் பொறுப்பு) உங்களிடம் இருக்கிறது என்பதற்காக மறுநாளே பெட்டி கட்டிவிட முடியாது. 1890ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டப்படி கோர்ட் உங்களைப் பாதுகாவலராக நியமித்திருந்தால், அதன் பிரிவு 26, கோர்ட்டின் அனுமதியின்றிக் குழந்தையை கோர்ட்டின் எல்லை தாண்டிக் கூட்டிப்போகத் தடை போடுகிறது. கோர்ட்டின் பிடியிலிருந்து தப்பவே கூட்டிப்போனதாகத் தெரிந்தால் பிரிவு 44இல் 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிவில் சிறை. இந்து திருமணச் சட்டத்தில் வந்த கஸ்டடி என்றால் (அங்கேயும் பிரிவு 26தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்) பழைய உத்தரவை மாற்றக் கேட்க வேண்டும். தீர்ப்பில் தடையே இல்லாவிட்டாலும், சனிக்கிழமைதோறும் குழந்தையை அதன் அப்பா அல்லது அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்றிருந்தால் பெங்களூரில் இருந்துகொண்டு அதைக் காப்பாற்ற முடியாது.

அனுமதியோ மாற்றமோ கேட்கும் மனுவைத் தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலேயே போட வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகல், வேலை உத்தரவு, வாடகை ஒப்பந்தம், புதிய பள்ளி இடம் தருவதாகச் சொல்லும் கடிதம், நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்ற விவரம் எல்லாம் வேண்டும். ஆனால் வழக்கு இழுப்பது பெரும்பாலும் இவற்றால் அல்ல. மற்றவர், அதாவது குழந்தையின் அப்பா அல்லது அம்மா, இனி குழந்தையை எப்படிப் பார்ப்பார் என்பதற்கு மனுவில் பதில் இல்லாவிட்டால் வாய்தா மேல் வாய்தாதான்.

அந்தப் பதிலை நீங்களே எழுதிக் கொடுங்கள். மாதத்தில் எந்த வார இறுதி, எந்த ஸ்டேஷனில் ஒப்படைப்பது, யார் கூட வருவது, டிக்கெட் யார் செலவு, வீடியோ அழைப்பு எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று எல்லாம் இருக்கட்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். தேதிகள் அதற்குள் முடிவாகியிருக்க வேண்டும். பலர் சறுக்குவது விடுமுறையில்: 'அரையாண்டு லீவில் பாதி' என்று தமிழ்நாட்டு வழக்கப்படி எழுதிவிடுகிறார்கள். கர்நாடகத்தில் நீண்ட இடை விடுமுறை தசராவையொட்டி வருகிறது. 'குழந்தை படிக்கும் பள்ளியின் நாட்காட்டிப்படி, 5 நாளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு விடுமுறையிலும் பாதி' என்றால் சண்டைக்கு இடமில்லை.

மற்றவர் சம்மதித்தால் வேலை சுலபம். ஆனால் வாட்ஸ்அப்பில் 'சரி' என்று வந்தால் போதாது. இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவை கோர்ட்டில் பதிவு செய்யுங்கள். நீதிபதி குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதும் உண்டு. சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

டிசியை உத்தரவு வந்த பிறகு வாங்குங்கள். முன்பே வாங்கினால், முடிவெடுத்துவிட்டு கோர்ட்டுக்கு வந்ததாக எதிர்த்தரப்பு வக்கீல் அதையே காட்டுவார். பள்ளி இரண்டு பேர் கையெழுத்தும் கேட்டால் அந்த உத்தரவின் சான்றிட்ட நகலைக் காட்டலாம். ஆகவே நகல் கேட்டு மனு போடும்போதே இரண்டு மூன்று பிரதியாகக் கேட்டுவிடுங்கள்.