சுவரில் ஓர் இடைவெளி

இன்று மாலை ரயிலிலிருந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் வாசலை நோக்கிச் செல்லாமல், நடைமேடையின் கோடியில் உடைந்து கிடக்கும் சுற்றுச்சுவர் இடைவெளியின் வழியே ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள்.

கைக்குழந்தையுடன் வந்த ஒரு பெண், பையை முதலில் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, குழந்தையை மார்போடு அணைத்தபடி உடலைத் திருப்பி நுழைந்தார்.

அங்கே மண் இறுகி, புல் முளைக்காத ஒற்றையடிப் பாதையே உருவாகிவிட்டது.

புதிய அடுக்குமாடிகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் எழுந்திருக்கின்றன; வாசலோ இந்தப் பக்கத்தில் மட்டும்.

நிலையத்தைச் சுற்றி ஏறத்தாழ 800 மீட்டர், அதாவது பத்து நிமிட நடை, என்று ஒரு வட்டம் வரைந்து அதற்குள் வீடுகளை நெருக்கமாகக் கட்டுவது நகரத் திட்டமிடலில் பரவலான வழக்கம். ஆனால் அந்த வட்டம் பறவை பறக்கும் தூரத்தையே அளக்கிறது. குறுக்கே ஒரு சுவர் நின்றால், 300 மீட்டரில் இருக்கும் வீடும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுகிறது.

ஜப்பானில் 1910-இல் ஒரு மின்சார ரயில் பாதையைத் திறந்த கோபயாஷி இச்சிசோவின் நிறுவனம், அதே ஆண்டில் இகேடா நிலையத்தருகே வீடுகளையும் கட்டி விற்றது. ரயிலும் வீடும் அங்கே ஒரே திட்டமாக இருந்தன.

அந்த இடைவெளியை அடைக்கும் முன்பு அங்கே ஒரு வாசலும் சாய்தளமும் வேண்டும் என்று மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன்.