புல்லட் ஆயில் ஒழுக்கு: கேஸ்கட்டைத் திட்டிவிட்டு பிரீதரில் போய் நின்ற கதை

எங்கள் வீட்டு வாசலில் புல்லட் நிற்கும் பக்கமாக அம்மா கோலம் போடுவதை விட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஐந்து ரூபாய்க் காசு அளவில் ஆரம்பித்த ஆயில் கறை பங்குனிக்குள் தோசை அளவுக்கு வந்துவிட்டது. "அடியில ஒரு தாம்பாளத்த வச்சிடுடா, சிந்துற எண்ணெயில விளக்காவது ஏத்தலாம்" என்று அம்மா சொன்ன அன்றைக்குத்தான் இதற்கென்று உட்கார்ந்தேன்.

வண்டி அப்பாவுடையது. 1986 மாடல் 350, திருவொற்றியூர் தயாரிப்பு, வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர். புல்லட் என்றால் ஒழுகத்தான் செய்யும், ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம் என ஊரில் சொல்வார்கள். அதை நம்பியே நானும் நாலைந்து வருடம் ஓட்டிவிட்டேன். நடுவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினின் வலது பக்க மூடியான டைமிங் கவரின் கேஸ்கட்டை, அதாவது கசிவைத் தடுக்கும் அட்டையை, இரண்டு தடவை மாற்றினார்கள். இரண்டாவது தடவை சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி எடுத்ததில், பிதுங்கி வந்ததை நானே நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஒழுக்கு மட்டும் நிற்கவில்லை.

இந்தத் தடவை எதையும் கழற்றுவதில்லை, முதலில் எங்கே இருந்து வருகிறது என்று பார்ப்பது என முடிவு செய்தேன். டீசலும் பழைய பிரஷும் வைத்து எஞ்சின் முழுக்கத் துடைத்தேன். காய்ந்த பிறகு விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து டைமிங் கவர், சிலிண்டர் அடி, புஷ்ராட் மூடி, ராக்கர் மூடி எல்லாவற்றிலும் தூவினேன். முகப்பவுடர், சாக்பீஸ் தூள் எதுவானாலும் சரி, வீட்டில் கைக்கு அகப்பட்டது அதுதான். "வண்டிக்கே பட்டை போட்டாச்சா" என்று எதிர்வீட்டு மாமா சிரித்தார்.

நீடாமங்கலத்தில் இருந்து மன்னார்குடி போய்த் திரும்பினேன். திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் ஊர் கேட்டைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள், நான் வேண்டுமென்றே ஐடிலில் விட்டுக் குனிந்து பார்த்தேன். பணம் செலவழித்த டைமிங் கவரில் விபூதி அப்படியே வெள்ளையாக இருந்தது. நனைந்திருந்தது இடது பக்கம் பின்னால்: செயின், ஸ்டாண்டு, பின்சக்கர ரிம். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும் என்பதால் சொட்டுகிற இடத்தை நம்பக் கூடாது. ஈரத்தைப் பிடித்துக்கொண்டே முன்னோக்கி வந்தால் அது பிரீதர் குழாயின் வாயில் முடிந்தது. புஷ்ராட் மூடி ஓரத்திலும் மெல்லியதாக ஒரு ஈரக்கோடு. இந்த இரண்டும் ஒரே நோய் என்பது பிறகுதான் புரிந்தது.

பிரீதர் என்பது எஞ்சினின் மூச்சுக்குழாய். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் அவ்வளவு காற்றையும் அமுக்குகிறது. 3000 ஆர்.பி.எம்.மில் இது விநாடிக்கு ஐம்பது தடவை. ஒற்றைச் சிலிண்டர் என்பதால், ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறி ஈடுகட்ட வழியில்லை. அந்தக் காற்று வெளியே போக வேண்டும், ஆனால் திரும்பி உள்ளே வரக் கூடாது. அதற்காகத்தான் எங்கள் வண்டியில் குழாயின் வால் முனையில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வால்வு. அது ஒழுங்காக வேலை செய்தால் கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் பெரும்பாலும் வெளிக்காற்றைவிடக் குறைவாகவே இருக்கும், கேஸ்கட் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் ஆயில் வெளியே வராது. வேலை செய்யாவிட்டால் புதுக் கேஸ்கட்டும் வியர்க்கும். பிந்தைய வண்டிகளில் ஆயிலைப் பிரித்தெடுக்க ஒரு டப்பா உண்டு. எங்களுடையதில் அது கிடையாது, துப்பினால் நேராக செயினுக்குத்தான்.

அந்த ரப்பரைக் கழற்றித் துடைத்து வாயில் வைத்து ஊதினேன், காற்று போனது. உறிஞ்சினேன். அலகு ஒட்டிக்கொண்டு அடைக்க வேண்டும், ஆனால் காற்றோடு எரிந்த ஆயில் ருசியும் வந்தது. ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் கிடந்து கொட்டாங்கச்சி மாதிரி இறுகி, உதடு இரண்டும் பிளந்தபடியே நின்றுவிட்டன.

கண்ணால் பார்க்க ஆசை வந்தது. மாடி கட்டியபோது கொத்தனார் விட்டுப்போன மட்டம் பார்க்கும் டியூப் ஒரு முழம் பரணில் கிடந்தது. பிரீதர் குழாய்க்குப் பதில் அதை மாட்டி, முனையில் பழைய ரப்பரைச் செருகி ஸ்டார்ட் செய்தேன். டியூபுக்குள் ஆயில் துளிகள் ஒரு விரற்கடை பின்னால் போவதும் அதே வேகத்தில் முன்னால் வருவதுமாக நடுங்கிக்கொண்டிருந்தன. கும்பகோணத்தில் வாங்கி வந்த புது ரப்பரை மாட்டியதும் துளிகள் ஒரே திசையில், வால் பக்கமாக மட்டும் நகர்ந்தன. அதையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒழுக்கு பாதியாகக் குறைந்தது. புஷ்ராட் மூடி காய்ந்துவிட்டது. ஆனால் இரண்டு நாள் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் பிரீதர் இன்னும் புளிச்சென்று ஒரு வாய் ஆயில் துப்பும், சைலன்சரில் நீலப் புகை தெருவை அடைக்கும். பிஸ்டன் ரிங் போய்விட்டது, செலவுதான் என்று பயந்தேன். எங்கள் பக்கத்தில் பழைய புல்லட் பார்க்கும் பாய் ஒருவரிடம் போனேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை.

"ரெண்டு கிலோமீட்டர் போனா புகை நிக்குதா தம்பி?"

"நின்னுடுது பாய்."

"அப்ப ரிங் இல்ல. ஆயில் எப்பப் பாப்பீங்க?"

"காலையில, எடுக்கறதுக்கு முன்னாடி."

"கொறஞ்சிருக்கும், ஊத்துவீங்க?"

ஆமாம், வாரா வாரம் ஊற்றிக்கொண்டிருந்தேன். இந்த எஞ்சினில் ஆயில் இருப்பது கிராங்க் கேஸோடு சேர்ந்த தனி அறையில். ஒரு பம்ப் அங்கிருந்து சுழலும் தண்டான கிராங்க்குக்கு அனுப்பும், இன்னொரு பம்ப் கீழே வடிந்ததைத் திருப்பி எடுக்கும். அனுப்புகிற பம்பின் டிஸ்க் தேய்ந்தால், வண்டி நிற்கும்போது ஆயில் மெல்ல நழுவி கிராங்க் பக்கம் இறங்கிவிடும். காலையில் அளவுக் குச்சியில் குறைவாகத் தெரியும். அது எங்கேயும் போகவில்லை, பக்கத்து அறையில்தான் இருக்கிறது. அதற்கு மேல் நான் ஊற்றியதைத்தான் பிரீதர் துப்பியிருக்கிறது. அளவு பார்ப்பதென்றால் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திய கையோடு பார்க்க வேண்டும்.

மூன்று நாள் நிறுத்திவைத்து, அடியில் கிராங்க் பக்கப் பிளக்கைத் திறந்தேன். தண்ணீர் பாட்டிலில் பிடித்தால் 900 மில்லி. ஆயில் அறையில் இன்னும் 1.8 லிட்டர். இந்த வண்டிக்குத் தேவை 2.25 லிட்டர், நான் ஓட்டிக்கொண்டிருந்தது 2.7. சரியான அளவு ஊற்றி, ஓட்டி வந்த சூட்டோடு மறுபடி திறந்து பார்த்தேன், ஒரு டீ கிளாஸ்கூட நிறையவில்லை. மேலே வால்வைத் திறக்கும் ராக்கருக்கு ஆயில் தருவதும் திருப்பி எடுக்கும் பம்ப்தான்; அங்கே போகும் பைப் போல்ட்டைத் தளர்த்தினால் ஆயில் நன்றாகவே கசிந்தது. ஆக, திருப்பி எடுக்கும் பம்ப் நலம்.

பாய் அனுப்பும் பம்பின் மூடியைத் திறந்து, டிஸ்கை வால்வு கிரைண்டிங் பேஸ்ட் வைத்து அது உட்காரும் முகத்தோடு அரைத்தார். அரை மணி நேரம், பேச்சே இல்லை. பேஸ்ட் ஒரு துகள்கூட உள்ளே தங்கக் கூடாது என்று பெட்ரோலில் மூன்று தடவை கழுவினார். அரைத்த முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக வந்த பிறகுதான் மூடினார். நழுவுவது முழுதாக நிற்காது, ஒரு மாதம் சும்மா போட்டால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்றும் சொல்லிவிட்டார்.

இப்போது ஐந்து வாரம். ஆயில் ஊற்றவே இல்லை. மூன்று நாள் நிறுத்திவிட்டு வடித்துப் பார்த்ததில் 150 மில்லி. மட்டம் பார்க்கும் டியூபை இன்னும் கழற்றவில்லை, கேட்டில் நிற்கும்போது குனிந்து பார்க்க நன்றாக இருக்கிறது.

வாசலில் காலையில் ஒரு பொட்டு மட்டும் இருக்கிறது. அது பிரீதர் இல்லை, எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் செயினின் பெட்டியான பிரைமரி செயின் கேஸ். ஒரே ஒரு நட்டு பிடித்திருக்கும் மூடி, சுற்றியுள்ள ரப்பர் சப்பையாகிவிட்டது. புது ரப்பர் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். அம்மா அந்த ஒரு பொட்டைச் சுற்றியே புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டார்.