இன்சீன் மைதானத்தில் இறங்கிய விமானம்

எங்கள் வியாசர்பாடி வீட்டில், பர்மாவில் ரங்கூனை ஒட்டியுள்ள இன்சீன் என்ற ஊரின் பெயர் பக்கத்துத் தெருவின் பெயரைப் போலப் புழங்கும். ஆயா அங்கே பிறந்து வளர்ந்து, 1964இல் ரங்கூனில் கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர். பிரிட்டிஷ் பெண் விமானி ஏமி ஜான்சன் 1930இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த வரலாற்றைப் படித்துவந்தபோது, நடுவழியில் அவருடைய விமானம் பழுதாகி நின்ற ஊர் இன்சீன் என்று கண்டு, அந்த வரியை மறுபடியும் படித்தேன்.

அவர் ஓட்டியது ஜிப்ஸி மாத் என்னும் சிறிய விமானம். துணி போர்த்திய இரண்டடுக்கு இறக்கைகள், கூரையில்லாத இருக்கை, ஏறத்தாழ 100 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் இன்ஜின், வானொலி கிடையாது. மே 5 அன்று லண்டன் கிராய்டனிலிருந்து கிளம்பும்வரை, தம் சொந்த ஊரான ஹல்லுக்குப் போனதுதான் அவருடைய மிக நீண்ட பயணம். அப்படிப்பட்டவர் ஆறாம் நாளே கராச்சியில் இறங்கினார். 1928இல் இதே பயணத்தைத் தனியாகப் பறந்து, பதினைந்தரை நாளில் ஆஸ்திரேலியாவின் டார்வினை அடைந்திருந்த பெர்ட் ஹிங்க்ளரைவிட அப்போது இரண்டு நாள் முந்தியிருந்தார்.

ரங்கூனில் குதிரைப் பந்தய மைதானத்தில் இறங்குவதாக இருந்தது. கொட்டும் மழையில் அது கண்ணுக்குப் படாமல், இன்சீனில் இருந்த பொறியியல் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில் இறங்க, விமானம் ஓடிப்போய்ப் பள்ளத்தில் விழுந்தது. புரொப்பெல்லர் உடைந்தது, இறக்கை கிழிந்தது. மாற்றுப் புரொப்பெல்லரை விமானத்தின் பக்கவாட்டில் கட்டியே எடுத்துவந்திருந்தார். ஆனால் இறக்கைக்குத் துணி இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய விமானத் துணியில் அவ்வூரில் சட்டைகள் தைத்திருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்துத்தான் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் இறக்கையை ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்கள்.

விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர் என்பதை, அவருடைய துணிச்சலைப் புகழ்பவர்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். எனக்கு அதுவே இந்தப் பயணத்தின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. நாள் முழுவதும் வெயிலிலும் காற்றிலும் பறந்து இறங்கியபின், உறங்கப் போகாமல், பெட்ரோலை வடிகட்டி நிரப்பி, ஆயில் மாற்றி, பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். பேசின் பிரிட்ஜ் பக்கம் அப்பா நடத்திய மெக்கானிக் ஷெட்டில், இரவு பத்து மணிக்கும் புல்லட்டின் பிளக்கைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டே கதவைச் சாத்துவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். காற்றால் குளிரும் அந்தச் சிறிய இன்ஜின் ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் ஓடியது, இரவுதோறும் ஒருவர் அதன் அருகில் அமர்ந்திருந்ததால்தான்.

மே 24 அன்று அவர் டார்வினை அடைந்தபோது ஹிங்க்ளரின் சாதனையை முறியடிக்கும் வாய்ப்பு கைநழுவிப் போயிருந்தது. இன்சீனில் கழிந்த நாட்களைப் பயணத்தின் இழப்பாகக் கணக்கிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்பின் அறியாத ஊரில், கையில் கிடைத்ததை வைத்து ஒரு விமானத்தை மறுபடியும் பறக்கவைத்த நாட்கள் அவை.

நேற்று இதை ஆயாவிடம் சொன்னேன். தாம் பிறப்பதற்கு முன் நடந்தது என்பதால் அவருக்கு இது தெரியாது. விமானத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், எந்த மாதம் என்று மட்டும் கேட்டார். மே மாத நடுவில் என்றேன்.

"அப்போ மழை புடிச்சிருக்கும்பா. எதிர் வீடே தெரியாது, மேல இருந்து மைதானம் எங்க தெரியும்?" என்றார்.